கால்மேல் கால்

லெயோனே கிராமத்திலிருந்து துறைமுகச் சந்தை வரை ஓடும் மரப் பேருந்துகளில் மரேக்கோவின் வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்லலாம். பாட்டுச் சத்தம் எல்லா வண்டியிலும்தான் காதைப் பிளக்கும். இவர் வண்டியில் அதற்கும் மேலே இன்னொன்று கேட்கும். கியர் மாற்றும்போதெல்லாம் ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஓர் உறுமல் வரும். புதிதாக ஏறுகிறவர்கள் வண்டியில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள். கோளாறு ஓட்டுநரின் இடது இடுப்பில் இருந்தது.

அமெரிக்காவின் கீழிருக்கும் எங்கள் சமோவாத் தீவில் பையன்கள் பள்ளியை முடித்தால் பாதிப்பேர் அந்நாட்டுப் பட்டாளத்துக்குப் போய்விடுவார்கள். மரேக்கோவும் போனார். விமானத்திலிருந்து குதிக்கும் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். ஆள் நல்ல கனம். பாராசூட் என்னதான் விரிந்தாலும் அந்த உடம்பு தரைக்கு வருகிற வேகம் வேறு. அவர் ஒவ்வொரு தடவையும் இடது பக்கமாகவே விழுவார். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, "எப்படி இருக்க?" என்று கேட்கிற மேலதிகாரியிடம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். இருபது வருடம் அப்படித்தான் போயிற்று. சார்ஜன்டாக ஓய்வு பெற்று ஊருக்கு வந்து, சேமிப்பில் வண்டி வாங்கி, அதன் பக்கவாட்டில் செம்பருத்திப் பூ வரைந்து ஓட்ட ஆரம்பித்தார். கட்டைவிரல் மட்டும் இன்னும் கீழே இறங்கவில்லை.

ஐம்பதைத் தாண்டியதும் இடுப்பு தன் கணக்கைக் கேட்க ஆரம்பித்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், மூட்டில் எலும்பும் எலும்பும் நேரடியாக உரசுகின்றன, வேறு மூட்டுதான் வைக்க வேண்டும் என்றார். அதை எங்கள் தீவில் வைக்க முடியாது. ஹோனொலுலு போக வேண்டும், அங்கே வாரக்கணக்கில் தங்க வேண்டும். அறுவைச் சிகிச்சையைப் படைவீரர் அலுவலகம் பார்த்துக்கொள்ளும். கடலைத் தாண்டிப் போவது அவரவர் பாடு. ஆனால் உடல் குறைபாடு முப்பது சதவீதம் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டால் போக்குவரத்தும் அவர்கள் பொறுப்பு. மரேக்கோவிடம் முதுகுக்காகப் பத்து சதவீதம் ஏற்கெனவே இருந்தது. மீதியை இடுப்பு சம்பாதித்துக் கொடுக்க வேண்டும்.

அது சம்பாதிக்கத் தயாராகத்தான் இருந்தது. அவர்தான் விடவில்லை.

வலியை மறைப்பதில் அவருக்கு இருந்த திறமையைப் பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடும்பக் கூட்டத்துக்கு வர வேண்டும். சுவரில்லாத அந்தப் பெரிய வீட்டில் ஆளுக்கொரு தூண் உண்டு. தூணில் முதுகைச் சாய்த்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். எதிரில் இருப்பவரைப் பார்த்துக் காலை நீட்டினால் அவரை அறைந்ததற்குச் சமம். வயதானவர்கள், முடியாதவர்கள் நீட்டிக்கொள்ளலாம், ஆனால் மேலே ஒரு பாயைப் போட்டு மூடிவிட வேண்டும். பாய் ஓரத்தில் சுருட்டியே இருக்கும்.

மரேக்கோ உள்ளே குனிந்து வந்து, தன் தூணைப் பிடித்து இறங்கி, இரண்டு கையாலும் இடது காலை மடக்கி வைப்பார். நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக நிற்கும். முகத்தில் சிரிப்பு இருக்கும். கடைசித் தூணில் இருக்கும் லாவேயா பெரியப்பா, எங்கள் குடும்பத்துத் தலைவர், எழுபதைத் தாண்டியவர், ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

"மரேக்கோ, பாய் வேணுமாடா?"

"எனக்கெதுக்கு பெரியப்பா? நல்லாத்தான் இருக்கேன்."

"யோசிச்சுச் சொல்லு. கூட்டம் நீளும் இன்னைக்கு."

"எவ்வளவு நீண்டாலும் சரி."

பெரியப்பா ஏதோ முனகிவிட்டுத் தன் காலை இன்னும் கொஞ்சம் இழுத்து மடித்துக்கொள்வார். பிறகு கல்யாணம், சாவு, தேவாலயக் கூரை என்று பேச்சு போகும். கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு மரேக்கோவின் மனைவி லூப்பே வந்து கைகொடுத்துத் தூக்கினால்தான் அவர் எழுந்திருப்பார்.

"பாய் என்ன கடிக்குமா உன்னை?" என்பாள் அவள்.

"பாய் கெழவங்களுக்கு."

"நீ மட்டும் என்ன, இப்பத்தான் மீசை முளைக்குதா?"

லூப்பே மீன் டப்பா ஆலையில் மேற்பார்வை பார்க்கிறவள். நூறு பேரை மேய்க்கிற வாய். வீட்டில் ஒருத்தரை மேய்ப்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

படைவீரர்களைப் பரிசோதிக்க ஹவாயிலிருந்து வருடத்தில் சில தடவை ஒரு டாக்டர் அம்மா வருவார். பெயர் ஹிகா. அறுபது வயதுக்கு மேல் இருக்கும், நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருப்பார். சாந்தமான முகம். மரேக்கோவின் முறை வந்த அன்று லூப்பே ஆலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனாள். உள்ளே அவளைக் கூப்பிடவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவள் செய்த ஒரே பிழை அதுதான்.

பரிசோதனை என்று பெயர் வைத்துவிட்டால் மனிதன் தேறத்தான் பார்ப்பான். மரேக்கோ கஞ்சி போட்ட சட்டையும் தேய்த்த லாவாலாவா வேட்டியும் கட்டிக்கொண்டு போயிருந்தார். டாக்டர் கோணம் பார்க்கும் அளவுகோலை இடுப்பில் வைத்து, காலைத் தூக்கச் சொன்னார், விரிக்கச் சொன்னார். வலிக்கும்போது சொல்லுங்கள் என்றார். வலிக்காத இடம் எது என்று கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். மரேக்கோ பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். எங்கேயோ ஓர் இடத்தில் தன்னை மீறி முனகிவிட்டார். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டு மேசைக்குத் திரும்பி, முதுகைக் காட்டியபடி தட்டச்சு செய்துகொண்டே கேட்டார்.

"காலைக் குறுக்கப் போட்டு உக்கார முடியுதா, சார்ஜன்ட்?"

மரேக்கோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. சமோவாவில் பிறந்த ஒருவனிடம் கேட்கிற கேள்வியா இது? அதுவும் தான் அத்தனை பேருக்கு நடுவில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் செய்துகொண்டிருக்கும் காரியம். டாக்டர் திரும்பிப் பார்ப்பதற்குள், நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு அந்த வழவழத்த தரையில் இறங்கி, இடது காலை மடக்கி, வலது காலை மேலே வைத்து, முதுகை நேராக்கி உட்கார்ந்துவிட்டார். டாக்டர் திரும்பினார். அத்தனை பெரிய உடம்பு தரையில் அமர்ந்து சிரித்துக்கொண்டிருந்தது.

"அடடே, நல்லாவே உக்காருறீங்களே," என்றார் டாக்டர். மனமாரப் பாராட்டித்தான் சொன்னார்.

"நன்றிம்மா," என்றார் மரேக்கோ.

வெளியே வந்ததும் லூப்பே எழுந்தாள். "என்ன ஆச்சு?"

"எல்லாம் நல்லாப் பண்ணிட்டேன்."

"நல்லாப் பண்ணியா?" அவள் பெஞ்சில் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். "என்னத்தைய்யா நல்லாப் பண்ண?"

பதில் வர மூன்று மாதம் ஆயிற்று. இடுப்பு மூட்டு வலிக்குப் பத்து சதவீதம். அசைவைப் பொறுத்தவரை, காலைக் குறுக்கே போட்டு உட்காருவதைப் பரிசோதகர் நேரில் பார்த்தார், ஆகவே அதற்கு ஒன்றுமில்லை. மொத்தம் இருபது. லூப்பே அதை அடுப்படியில் நின்று சத்தமாகப் படித்தாள். சேப்ப இலைக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்த மரேக்கோ பிழிவதை நிறுத்தவில்லை. "அதான், உக்காந்தேனே," என்றார் மெதுவாக. அன்றைக்கு அவள் அவரைத் திட்டவில்லை. திட்டாதது அவருக்கு இன்னும் வலித்தது.

அந்த வாரத்திலேயே மேட்டுத் திருப்பத்தில் அது நடந்தது. இறங்க வேண்டியவர்கள் வழக்கம்போல வண்டியின் மரத்தை விரல் முட்டியால் தட்டினார்கள். கிளட்சை மிதிக்க இடது கால் எழவேயில்லை. வண்டி நிறுத்தத்தைத் தாண்டி, திணறித் திணறிப் போய், கடல் பக்கத்துத் தடுப்புக்குப் பக்கத்தில் அணைந்து நின்றது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள், "சார்ஜன்டு தூங்கிட்டாரு" என்றார்கள். மரேக்கோ ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை. கண்ணாடியில் தெரிந்த அத்தனை முகமும் தெரிந்த முகம். பள்ளிக்கூட டீச்சர், மளிகைக்கடைக்காரர், கைக்குழந்தையோடு ஒரு பெண். இந்தக் கால் சரியாகாவிட்டால் இனி இந்த வண்டியைத் தொடக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தார். வண்டியைச் சித்தப்பா மகன் ஒருவனிடம் கொடுத்துவிட்டு மறுநாள் ஃபெலேட்டியைப் பார்க்கப் போனார்.

ஃபெலேட்டி அவரோடு ஒன்றாகப் படித்தவர், பட்டாளத்துக்குப் போய் ஒரு காது மந்தமாகித் திரும்பியவர். சந்தைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, முன்னாள் வீரர்களின் விண்ணப்பங்களைப் பார்த்துக் கொடுப்பது அவர் வேலை. அவர் கடிதத்தைப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தார்.

"டேய், நீ சம்மணமாடா போட்ட?"

"பின்ன? அதைத்தானே கேட்டாங்க?"

"ஆஸ்பத்திரித் தரையில?"

"தரையிலதான் உக்காருவாங்க. கூரையிலயா உக்காருவாங்க?"

"அவங்க அதைக் கேக்கலடா மண்டு. அவங்க இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. இதைக் கேட்டாங்க, இதை." ஃபெலேட்டி தன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின் முழங்காலுக்கு மேல் போட்டு, பாதத்தை ஆட்டிக் காட்டினார்.

மரேக்கோ முகத்தைச் சுளித்தார். "காலை இறக்குடா. உங்கப்பா முன்னாடி இப்படி உக்காருவியா?"

"உக்காந்தா எங்கப்பா கல்லறையிலிருந்து எழுந்து வந்து உதைப்பாரு. அது வேற விஷயம். சட்டத்துல இதுதான் இருக்கு. இது முடியலைன்னா தனியாப் பத்து. உன்னால முடியுதா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் பொறந்ததுலேருந்து அப்படி உக்காந்ததே இல்லையே."

"போட்டுப் பாரு."

"போடா."

"கதவைச் சாத்திடுறேன். போட்டுப் பாரு."

ஃபெலேட்டி நிஜமாகவே எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். மரேக்கோ திருட்டு வேலை செய்கிறவர் மாதிரி ஒரு முறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். பிறகு இடது காலைத் தூக்கினார். கால் கொஞ்சம் எழும்பியது. வலது முழங்காலைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும். போகவில்லை. இடுப்புக்குள் ஏதோ கதவு தாழ் போட்டிருப்பது போல அங்கேயே நின்றுவிட்டது. கையால் பிடித்து இழுத்தார். நாற்காலிதான் முனகியது, கால் நகரவில்லை. இன்னும் இழுத்தார். முகம் வெளுத்துவிட்டது.

ஃபெலேட்டியின் சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. அவர் வந்து மரேக்கோவின் கையை விலக்கி, அந்தக் காலை ஒரு குழந்தையின் காலை இறக்குவது போலத் தரையில் இறக்கி வைத்தார்.

"எத்தனை நாளாடா இப்படி?"

"தெரியலடா. சம்மணம் வந்துச்சு. அதனால எல்லாம் வருதுன்னு நெனச்சேன்."

வாழ்நாளில் ஒரு தடவைகூடச் செய்யாத காரியம் தன்னால் முடியாது என்று அன்றைக்குத்தான் மனிதருக்குத் தெரிந்தது. கேட்டால் சிரிப்பு வரும். அன்று அந்த அறையில் யாருக்கும் வரவில்லை. ஃபெலேட்டி மறுபரிசீலனைக்கு எழுதினார். கேட்ட கேள்வி ஒன்று, அவர் செய்துகாட்டியது வேறொன்று என்று விளக்கினார்.

டாக்டர் ஹிகா அடுத்த முறை தீவுக்கு வந்தபோது மரேக்கோவை மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை லூப்பே யாரும் கூப்பிடக் காத்திருக்கவில்லை. கணவருக்கு முன்னால் உள்ளே போய் மூலையில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். டாக்டர் அவளைப் பார்த்தார், அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்ட விதத்தைப் பார்த்தார், பிறகு மரேக்கோ பக்கம் திரும்பினார்.

"சார்ஜன்ட், போன தடவை நான் முதுகைக் காட்டிட்டுக் கேட்டுட்டேன்," என்றார் டாக்டர். "தப்பு என் மேலதான். இப்ப நாற்காலியில உக்காந்து, இந்தக் கால் மேல அந்தக் காலைப் போடுங்க. நான் பாக்குறேன்."

மரேக்கோ உட்கார்ந்தார். போடவில்லை.

"அம்மா, மன்னிச்சுக்கணும். உங்களை மாதிரிப் பெரியவங்க முன்னாடி அப்படிக் கால் போடுறது எங்க பக்கத்துல மரியாதை இல்லை. முன்னாடியே சொல்லிட்டேன்."

"சரி. நான் கேட்டுத்தானே போடுறீங்க. தப்பா எடுத்துக்க மாட்டேன்."

அவர் காலைத் தூக்கினார். கால் அதே இடத்தில் நின்றது. அங்கேதான் அவருக்குள் இருந்த பழைய சார்ஜன்டு விழித்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. கை தானாகப் போய் முழங்காலைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. இன்னும் ஒரு அங்குலம், இன்னும் ஒரு அங்குலம்.

"கையை எடு," என்றாள் லூப்பே மூலையிலிருந்து.

"இரு லூப்பே, வந்துடும்."

"வராது. கையை எடு. யாரை ஏமாத்தப் பாக்குற? டாக்டரையா, என்னையா?" அவள் குரல் ஆலைக் குரல் இல்லை. "காலையில உனக்குச் செருப்புப் போட்டுவிடுறது யாரு? நான்தானே? எனக்குத் தெரியாதா?"

மரேக்கோ கையை எடுத்தார். கால் தரையில் விழுந்தது. டாக்டர் அவசரப்படவில்லை. அளவுகோலை மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியுதா, சார்ஜன்ட்?"

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை மேல் விழுகிற சத்தத்தில் அவர் சொன்னது முதலில் கேட்கவில்லை. டாக்டர் குனிந்தார்.

"முடியலம்மா," என்றார் மரேக்கோ.

அந்த ஒரு வார்த்தை வெளியே வந்ததும் அதன் பின்னால் நின்றவை எல்லாம் வந்துவிட்டன. படி ஏற முடியலை. இடது பக்கம் திரும்பிப் படுக்க முடியலை. கிளட்ச் மிதிக்க முடியலை. அன்னைக்குக் கைக்குழந்தையோட ஒரு பொண்ணு வண்டியில இருந்தா. சொல்லச் சொல்ல அவருக்கே ஆச்சரியமாக இருந்தது, சொன்னதற்காக யாரும் அவரை ஒன்றும் செய்யவில்லை. டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். லூப்பே மூலையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்குத் தரையில உக்காந்தீங்களே, அப்ப வலிக்கலையா?" என்று கேட்டார் டாக்டர்.

"உசிரு போச்சும்மா."

"சிரிச்சுட்டு இருந்தீங்களே."

"நீங்க நல்லா உக்காருறேன்னு சொன்னீங்க. சந்தோஷமா இருந்துச்சு."

டாக்டர் சிரித்துவிட்டார். மரேக்கோவும் சிரித்தார், இந்தத் தடவை வலி இல்லாத சிரிப்பு.

பதில் வந்தபோது லூப்பே மறுபடி அடுப்படியில் நின்று படித்தாள். முதுகுக்குப் பத்து, இடுப்பு வலிக்குப் பத்து, கால்மேல் கால் போட முடியாததற்குப் பத்து. அந்த அலுவலகத்துக் கணக்கில் மூன்று பத்துகள் சேர்ந்தால் முப்பது ஆகாது. முதல் பத்து போன பிறகு மீதி இருக்கிற மனிதனில்தான் அடுத்த பத்தை எடுப்பார்கள். ஆக மொத்தம் இருபத்தேழு. அதை முழுதாக்கினால் முப்பது.

"ஆலையில நான் இப்படிக் கணக்குப் பண்ணினா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க," என்றாள் லூப்பே. பிறகு தாளை மாவுக் கையோடு நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதாள். ஹோனொலுலுவில் அறுவைக்கு நாள் குறித்தாயிற்று.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை குடும்பம் அவருக்காகக் கூடியது. ஜெபம் செய்து வழியனுப்ப வேண்டும் அல்லவா. எல்லோரும் அவரவர் தூணில் உட்கார்ந்திருந்தார்கள். மரேக்கோ குனிந்து, உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்னால் நடப்பதற்கு மன்னிப்புக் கேட்டபடி வந்து, தன் தூணைப் பிடித்து இறங்கினார். வலது காலை மடக்கினார். இடது காலில் கை வைத்தார்.

லாவேயா பெரியப்பா அன்றைக்குப் பாய் வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்திருப்பார். ஓரத்தில் சுருட்டிக் கிடந்த பாயை ஒரு முறை பார்த்துவிட்டுத் தன் காலை இழுத்து மடித்துக்கொண்டார்.

மரேக்கோ கையை எடுத்துவிட்டார்.

"பெரியப்பா."

"என்னடா?"

"என்னால முடியல. பாய் வேணும்."

யாரோ ஒரு பையன் பாயை எடுக்க எழுந்தான். பெரியப்பா கையை உயர்த்தி அவனை உட்கார வைத்தார். பிறகு அவரே எழுந்தார். குடும்பத் தலைவர் கூட்டத்துக்கு நடுவில் தன் தூணை விட்டு எழுந்ததை நாங்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை. எழ அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. ஒரு கையால் தூணையும் மறு கையால் முழங்காலையும் பிடித்துக்கொண்டு, பாதி வழியில் நின்று மூச்சு வாங்கி எழுந்தார். போய்ப் பாயை எடுத்தார். நொண்டி நொண்டி மரேக்கோவிடம் வந்து, நீட்டிய காலின் மேல் அதை விரித்தார். விரித்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பவில்லை. மரேக்கோவின் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இறங்கி உட்கார்ந்தார்.

"கொஞ்சம் நகருடா," என்று சொல்லித் தன் இரண்டு காலையும் அதே பாய்க்குள் நீட்டினார். "அப்பாடா."

மரேக்கோ அவரைத் திரும்பிப் பார்த்தார். "பெரியப்பா, உங்களுக்குமா?"

"பின்ன என்ன, வாராவாரம் உனக்காகவா பாய் வேணுமான்னு கேட்டேன்? நீ ஒரு தடவை வாங்கியிருந்தா நானும் நீட்டியிருப்பேன். பட்டாளத்துக்காரன் நீ மடக்கி உக்காந்துட்டுச் சிரிக்கிற. நான் எப்படிடா நீட்டுறது?"

எதிர்த் தூணில் இருந்த இன்னொரு முதியவர், ஊர்ச் சபையில் எங்கள் குடும்பத்துக்காகப் பேசுகிறவர், கனைத்துக்கொண்டார்.

"அந்தப் பாய் எவ்வளவு நீளம் இருக்கும்?" என்று கேட்டார்.